புகை கண்டால் விலகுபவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரை மாமா என்றுதான் சொன்னார்கள். பெயர் வைத்தவள் மேகக்காரி. அங்கே செய்யும் கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் வானத்துக்கு மேகம் வரைவது அவள் வேலை; அதனால் அவளுக்கு அந்தப் பெயர். ஊருக்கெல்லாம் பெயர் வைப்பவளுக்கு யாராவது ஒரு பெயர் வைக்க வேண்டாமா?

மாமாவுக்கு உடம்பு கிடையாது, சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு கிடையாது. அந்தச் சின்ன நிறுவனம் செய்துகொண்டிருந்த போர் விமான சிமுலேட்டரில், விளையாடுகிறவரை எதிர்த்துப் பறக்கும் கம்ப்யூட்டர் விமானி அவர். ஆனாலும் அவரைப் பற்றிப் பேசும்போது, சாப்பாட்டு நேரத்தில் யாரோ ஒரு உறவுக்காரரைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். மாமா இன்று மேகத்துக்குள் நுழைந்து வழி தெரியாமல் திணறிவிட்டார் என்பார்கள். பதறினால் மாமா வலது பக்கம்தான் திரும்புவார், இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது என்பார்கள். சுட்டு முடித்ததும் எதிரியைப் பார்க்காமல் குனிந்து மீட்டர்களைப் பார்ப்பார், பால் பொங்குகிறதா என்று அடுப்பைப் பார்க்கிற மாதிரி என்று ஒருத்தர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள்.

எல்லாவற்றையும்விட அவர்களுக்குப் பிடித்தது வேறு. எதிரி விமானத்திலிருந்து புகை வர ஆரம்பித்துவிட்டால் மாமா அதற்குமேல் சுட மாட்டார். ஒரு பக்கமாகச் சாய்ந்து விலகிப் போய்விடுவார். புகைகிற விமானத்தை உருட்டிப் புரட்டி வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது விளையாடுகிறவர் பாடு. அப்படித் தரையிறக்குவதுதான் ஆட்டமே என்று சோதித்துப் பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள்.

மாமாவை உருவாக்கியவள் இந்தப் பேச்செல்லாம் நடக்கும்போது லேசாகச் சிரித்துவிட்டுத் தன் திரைக்குத் திரும்பிவிடுவாள். பாராட்டு வந்தால் கூச்சப்படுகிற சுபாவம் என்று எல்லோரும் நினைத்தார்கள். மாமா அவளுடைய கணவர் என்பது யாருக்கும் தெரியாது. கணவருக்கே தெரியாது.

அவள் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. முதலில் அவள் செய்த விமானி ஒரு குறையும் இல்லாதவன். அதுதான் தொல்லை. விளையாடுகிறவரின் விமானத்துக்கு அத்தனை விதிகளும் உண்டு. என்ஜின் சூடேறும், வேகம் குறைந்தால் இறக்கை உதறும், வெடுக்கென்று திருப்பினால் ரத்தம் கீழே இறங்கிக் கண் இருட்டும். அவள் விமானிக்கு இதில் ஒன்றும் கிடையாது. மேகத்துக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பான், முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் பார்ப்பான். எப்படித் திருப்பினாலும் வேகம் குறையாது. இது விமானம் இல்லை, ஈ என்று சொல்லிவிட்டுச் சோதனையாளர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். சரி என்று அவன் கண்ணை மங்கலாக்கினாள், கையை நடுங்கவிட்டாள். இப்போது அவன் கட்டிப்போட்ட ஆடு மாதிரி நின்றான்.

முதலாளி அவளைவிட வயதில் சின்னவர். யாரிடமும் கோபப்படத் தெரியாதவர். அவர் வந்து அவள் மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்:

"மேடம், முதல்ல வந்தவன் பேய். இப்ப வந்திருக்கிறவன் பொம்மை. நடுவுல மனுஷன் ஒருத்தன் கிடைப்பானா?"

அந்தக் கேள்வியை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பாத்திரம் கழுவும்போதும் அது கூடவே இருந்தது. பேயிலிருந்து கொஞ்சம் கழித்தால் மனிதன் வருவதில்லை, கை நடுங்குகிற பேய்தான் வருகிறது. மனிதர்கள் கண்டபடி தவறு செய்வதில்லை. ஒவ்வொருவரும் தமக்கென்று சில தவறுகளை வைத்திருக்கிறார்கள்; அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். உப்பு போட மறக்கிறவர்கள் உப்பைத்தான் மறக்கிறார்கள், புளியை மறப்பதில்லை. அப்படி ஒருவருடைய தவறுகளை முழுதாக அறிந்திருக்க வேண்டுமென்றால் அவரோடு எத்தனை காலம் வாழ்ந்திருக்க வேண்டும் என்று யோசித்தபோதுதான் அவளுக்குக் கணவர் ஆடிய ஆட்டங்களின் பதிவுகள் ஞாபகம் வந்தன.

கணவருக்குக் கண் பரிசோதித்துக் கண்ணாடி கொடுக்கும் கடை. நாள் முழுதும் இருட்டறையில் உட்கார்ந்து, இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறவர். மகள் படிக்கப் போன பிறகு அவள் அறை காலியாக இருந்தது. அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை அங்கே வைத்தார்கள், இன்னொன்று கூடத்தில். விமானங்கள் சரியாகப் பறக்கின்றனவா என்று பார்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் விமானி அப்போது பிறந்திருக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு வருகிற கணவர் முகம் கழுவிக்கொண்டு மகள் அறையில் உட்காருவார், இவள் கூடத்தில். நடுவில் ஒரு சுவர். சுவர் வழியாகவே வம்பு நடக்கும். சமையல் ருசியா இருந்துச்சுன்னு சொன்னா இன்னிக்கு விட்டுடுவேன் என்பாள் இவள். சுட்டுடு, பரவாயில்ல என்பார் அவர்.

கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் வராத பேச்சு, நடுவில் சுவர் இருந்தால் வருகிறது என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் விமானி தயாரானான். எந்த நாளில் தன் இடத்தில் அவனை உட்கார வைக்கிறோம் என்று அவள் கணவரிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் அது சோதனை இல்லை. அவள் தொழிலில் அது பாலபாடம். கூடத்தில் வழக்கம்போல உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் அன்று தோற்றார். மறுநாளும் தோற்றார். அந்த வாரம் முழுக்கத் தோற்றார். பேய் சுட்டால் யார்தான் பிழைப்பார்கள்? அடுத்த வாரம் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் பால்கனியில் போய் உட்கார்ந்துகொண்டார். கண் கடைக்காரரே கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்றால் அதற்கு மேல் என்ன கேட்பது? தோற்றுக்கொண்டே இருந்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டாள். சுட்டது மெஷின் என்று தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பறத்தலைப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே.

மாலையில் சுவர் வழியாகப் பேசிய அந்த ஒரு மணி நேரம் வீட்டிலிருந்து போய்விட்டது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை; அது தானாகப் போயிற்று. சாப்பாடு, தண்ணீர் மோட்டார், மகளின் போன் என்று மற்ற பேச்சு எல்லாம் நடந்தது. அவருடைய தோள் மட்டும் அவள் பக்கம் திரும்பாமல் இருந்தது. ஏன் என்று கேட்க நினைப்பாள். அதற்குள் குக்கர் விசில் அடிக்கும்.

கணவர் பறந்த ஒவ்வொரு ஆட்டமும் கம்ப்யூட்டரில் பதிவாகி இருந்தது. எல்லாவற்றையும் அள்ளி எடுத்தாள். அவர் பதறுகிற விதம், மேகத்தைக் கண்டால் தயங்குகிற விதம், சுட்டதும் குனிகிற விதம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதிய விமானிக்குக் கொடுத்தாள். புகை கண்டால் விலகுவதைப் பார்த்தபோது ஒரு நிமிடம் நிறுத்தி யோசித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துவிடுகிறார் போலிருக்கிறது. அதற்கு 'கவனச் சிதறல்' என்று பெயர் கொடுத்து அதையும் சேர்த்தாள்.

அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் என்னென்ன எடுத்தாய் என்பார். கணவனின் குறைகளை மனத்துக்குள் அடுக்கி வைத்திருக்காத மனைவி உலகத்தில் இல்லை. அடுக்கியதை அவர் முகத்துக்கு எதிரே வாசிப்பது வேறு. அதுவும் ஏற்கெனவே முகம் திருப்பிக்கொண்டிருப்பவரிடம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்ட நாட்களில் மாமா பிரபலமாகிவிட்டார்.

"அக்கா, மாமாவுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும்னு நெனைக்கிறேன்" என்றாள் மேகக்காரி ஒருநாள். "அதான் எந்தச் சண்டையையும் முழுசா முடிக்காம எழுந்து போயிடறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். படுக்கையிலும் வலது பக்கமே திரும்பிப் படுக்கிற ஒரு மனிதரை நடு அலுவலகத்தில் நிற்க வைத்துவிட்டோம் என்று தோன்றியது.

விளையாட்டை வெளியிடுவதற்கு முன்னால் சனிக்கிழமை மதியம் எல்லோரும் வீட்டு மனிதர்களை அழைத்துவர வேண்டும் என்று முதலாளி சொன்னார். வீட்டு ஆட்கள்தான் முகத்துக்கு நேரே உண்மை பேசுவார்கள் என்பது அவர் கட்சி. அவள் கணவரிடம் பட்டும் படாமலும் சொன்னாள், கடை இருக்கிறது என்பார் என்று நம்பி. வருகிறேன் என்றார். அந்த வாரம் முழுக்க அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்து திறந்து, தக்காளி விலையைப் பற்றிப் பேசி முடித்தாள்.

சனிக்கிழமை அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மேகக்காரியின் மேகங்களை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தூரத்து மேகத்தின் ஓரம் சரியாக மங்குகிறது, கண் அப்படித்தான் பார்க்கும் என்றார். மேகக்காரிக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு ஆளை வீட்டுலயே ஒளிச்சு வச்சிருக்கீங்களே அக்கா என்றாள்.

பிறகு அவரை உட்கார வைத்தார்கள். சுற்றிலும் ஆட்கள். மாமாவைப் பற்றி ஆளுக்கொரு புத்திமதி. வலது பக்கமாகத்தான் வருவார் என்று ஒருவர். சுட்டதும் குனிவார், அப்போது அடியுங்கள் என்று இன்னொருவர். அவள் எல்லோருக்கும் பின்னால், தண்ணீர் கேன் பக்கத்தில் நின்றாள்.

இரண்டு விமானங்களும் எதிரெதிரே வந்து கடந்தன. இருவரும் ஒரே நேரத்தில் வலது பக்கம் திரும்பினார்கள். மறுபடி கடந்தார்கள், மறுபடி வலது பக்கம். செக்கு மாடுகள் மாதிரி சுற்றி வந்தார்கள். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கணவர் சுட்டார், சுட்டதும் குனிந்து மீட்டரைப் பார்த்தார். மாமா சுட்டார், மாமாவின் விமானமும் அதே போல ஒரு கணம் அசட்டையாக நேரே போயிற்று. இது இரண்டு முறை நடந்தது. மூன்றாம் முறை கணவர் குனியவில்லை. மாமா மட்டும் குனிந்தார். கணவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார், சுடவில்லை.

ஏன் சார் விட்டீங்க என்று யாரோ கேட்டார்கள். அவர் விமானத்தை நேராக்கி, வேகத்தைக் குறைத்து, மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பறந்தார். குண்டுகள் பாய்ந்தன. அவருடைய என்ஜினிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. இப்போது தலையைத் திருப்பி மாமாவைத் தேடினார். மாமா சாய்ந்து விலகி, மேகத்தின் மங்கிய ஓரத்தில் மறைந்துகொண்டிருந்தார்.

கணவர் அந்த விமானத்தைத் தரையிறக்கினார். கைதட்டினார்கள். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவள் நின்ற பக்கம் பார்த்து, "நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார். எல்லோருக்குமாகச் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள்.

பஸ் நிறுத்தத்தில் இருவர் மட்டும் இருந்தார்கள். வெயில் தாழ்ந்திருந்தது. எதிரே ஒரு கடையின் ஷட்டருக்கு யாரோ வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதையே பார்த்தார்கள்.

"அது நான்தானே" என்றார் கணவர்.

"ஆமாங்க."

சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். பதிவுகளை எடுத்தது, கேட்காமல் எடுத்தது, மாமா என்று பெயர் விழுந்தது. அவர் ஷட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எப்போதுமேவா வலது பக்கம் திரும்புகிறேன் என்று மட்டும் கேட்டார். படுக்கையில்கூட என்றாள். அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது.

"அது கெடக்கட்டும். புகை வந்தா போறானே. அதை எதுல இருந்து எடுத்தே?"

"எல்லாத்துலேர்ந்தும்தான்."

"எல்லாத்துலயும் எப்படி இருக்கும்? கடைசி வாரம் உன் மேல ஒரு குண்டுகூடப் படலியே. நீதான் என்னை விடாம வீழ்த்திக்கிட்டிருந்தே."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கடைசி வாரமா? அது நான் இல்லைங்க. மெஷின்."

பஸ் ஒன்று வந்து நின்றது. அவர்களுடையது அல்ல. அது கிளம்பிப் போவதைக் கணவர் பார்த்தார்.

"நீன்னுல்ல நெனச்சேன்" என்றார். "முன்னெல்லாம் நீ திருப்பும்போது நாற்காலி கிறீச்சுன்னு கத்தும். எனக்குச் சுவத்துக்கு இந்தப் பக்கம் கேக்கும். உன் விமானத்துல புகை வந்துட்டா எழுந்தே நின்னுடுவே. அதுக்கப்புறம் எப்படிச் சுடறது, சொல்லு. அந்த வாரம் சத்தமே வரல. இவ்வளவு அலட்சியமா உக்காந்து சுடறாளே, நான் என்ன தப்பு பண்ணினேன்னு நெனச்சேன்."

அவளுக்கு உடனே எல்லாம் தெரிந்தது. பேயின் விமானத்தில் ஒருநாளும் புகை வந்ததில்லை. பதிவுகளில் இருந்த புகை அத்தனையும் அவளுடையது. எதிரே பறந்தது யார் என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டியிருக்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூடச் செய்யாத தவறு. அதற்கு மேலே 'கவனச் சிதறல்' என்று பெயர் வேறு.

"சொல்லியிருக்கணும்" என்றாள். "சொன்னா சோதனையா இருக்காதுன்னு..."

"கடையில நானும் எந்த லென்ஸ் போடறேன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "ஆனா முடிஞ்சதும் சொல்லிடுவேன்."

பால்கனியில் அவர் தனியாக உட்கார்ந்திருந்த மாலைகள் ஒவ்வொன்றும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தன. மாமாவை முழுதாகவே எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். கேட்டபோது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். வெளியீடு தள்ளிப்போனால் போகட்டும்.

"வலது பக்கம் திரும்பறதெல்லாம் இருந்துட்டுப் போகட்டும். ஊருக்கே தெரிஞ்சாலும் குடி முழுகிடாது. அந்தப் புகையை மட்டும் எடுத்துடு." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "யாரை விடறோம்னு தெரியாம விடறானே, அவனுக்கு அது எதுக்கு?"

திங்கட்கிழமை முதலாளி முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். மாமாவின் உயிரே அதில்தான் இருக்கிறது, அதைப் போய் எடுக்கலாமா என்றார். பதிவுகளில் பிழை இருக்கிறது என்று அவள் விளக்கினாள். பிழையாகவே இருக்கட்டும், விளையாடுகிறவர்களுக்குப் பிடித்திருக்கிறது, எங்கிருந்து வந்தால் என்ன என்றார். அது அவனுடையது இல்லை என்றாள் அவள். அவள் அப்படிச் சுருக்கமாகப் பேசி அவர் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, வெளியீட்டை ஒரு வாரம் தள்ளி வைத்தார்.

மாமாவுக்கு அவருக்கே உரிய காரணங்களைக் கொடுத்தாள். எரிபொருள் குறைந்தால் விலகுவார். தன் விமானத்தில் அடி பட்டிருந்தால் விலகுவார். தோட்டா தீர்ந்தால் விலகுவார். மற்றபடி சுடுவார். எதிரே இருப்பவர் மேல் அவருக்கு இரக்கம் இல்லை. தனக்கு என்ன ஆகுமோ என்ற பயம் உண்டு. மனிதன் என்று சொல்ல அதுவும் போதும் என்று அவளுக்குப் பட்டது. மாமா கெட்டுப்போய்விட்டார் என்று மேகக்காரி அவளோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. சோதனையாளர்களில் சிலர் இப்போதுதான் நிஜம் என்றார்கள், சிலர் பழையவரே மேல் என்றார்கள். எல்லோருக்கும் நல்லவனாக இருக்க மாமாவாலும் முடியாது.

கணவர் ஒரு மாலை முகம் கழுவிக்கொண்டு மகள் அறைக்குள் போனார். அவள் கூடத்தில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"இன்னிக்கு யாரு?"

"நான்தாங்க."

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். கேலிக்குக் கேட்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவரிடம் கேட்கலாம், ஆனால் இன்னிக்கு யாரு என்று கேட்கும் உரிமை அவருக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். ஒவ்வொரு மாலையும் நான்தாங்க என்று பதில் சொல்வாள். சொன்ன பிறகும் அந்தப் பக்கம் என்ஜின் சத்தம் வராது. அவள் கொஞ்சம் அசைந்து உட்காருவாள். நாற்காலி கிறீச்சென்று கத்தும்.

அதற்கப்புறம்தான் அவர் விமானத்தைக் கிளப்புவார்.